தெரிந்தவர் என்று எழுதிவிட்டேன், செபமாலை

அன்புள்ள செபமாலை,

நீ போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. நீ இருந்தாய் என்று எனக்குத் தெரிந்தும் அதே இருபத்திரண்டு நாள்தான். இரண்டும் ஒரே காலையில் நடந்தன. எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் இன்னும் ஒன்றுக்கும் அழவில்லை.

எனக்குப் பழக்கமில்லாத நிலை இது. எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவள் நான். என் கணவர் போன அன்றுகூட யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இப்போது காலையில் எதற்காக அடுப்படிக்கு வந்தோம் என்பது மறந்து நின்றுகொண்டிருக்கிறேன். மருமகள் வந்து கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீ அந்தப் பக்கம் படுத்துக் கிடந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது.

காலை எட்டரை மணி இருக்கும். தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணமேல்குடி முதியோர் இல்லத்து மேலாளர் சுகந்தி கூப்பிட்டாள். என் கணவரின் திதிக்கு ஏழு வருடமாக நான் மதியச் சாப்பாடு போடும் இல்லம் அது. திதி மாசியில். இப்போது ஐப்பசிதானே நடக்கிறது, என்ன விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“அம்மா, மனசத் தேத்திக்கங்க. ஒங்க தங்கச்சி தவறிட்டாங்கம்மா.”

“யாரோட தங்கச்சி?”

“ஒங்க தங்கச்சிதாம்மா. இங்க நம்ம ஹோம்ல இருந்தாங்கள்ல.”

“எனக்குத் தங்கச்சி கிடையாது. நான் எங்க வீட்டுக்கு ஒரே பொண்ணு. சரியா விசாரிச்சுட்டுப் பேசு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு அந்த இட்லியை முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன். சட்னி கொஞ்சம் உப்புக் குறைவு என்று மருமகளிடம் சொல்லவும் செய்தேன். இதையெல்லாம் உனக்குச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை.

அரை மணி நேரத்தில் அவள் மறுபடியும் கூப்பிட்டாள். நீ இல்லத்தில் சேர்ந்தபோது நிரப்பிய படிவத்தை வாசித்தாள். ஏதாவது ஒன்று ஆனால் தெரிவிக்க வேண்டியவர் யார் என்ற இடத்தில், “சி. இராஜேஸ்வரி.” உறவுமுறை, “அக்கா.” முகவரி என்ற இடத்தில் மட்டும் முகவரி இல்லை. “மாசி மாசம் வருவாங்க” என்று எழுதியிருந்தாயாம். இல்லத்து ரசீதெல்லாம் என் கணவர் பெயரில்தான் இருக்கும். யார் இந்த இராஜேஸ்வரி என்று ஆபீஸில் எல்லோரும் முழித்துக்கொண்டு நின்றபோது, உன் அறையில் இருந்த கதீஜாதான் சொன்னாளாம், நம்ம மாசிச் சாப்பாட்டு அம்மாதான் அது என்று.

என் பெயருக்கு முன்னால் ‘சி’ என்று போட்டு ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அது என் அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் எழுதியதில்லை, நான் உட்பட. அந்த ஓர் எழுத்துதான் என்னைக் காரில் ஏற வைத்தது.

அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடிக்குப் போகிற வழியெல்லாம் மழை. என் மகன் பிரபு வண்டியை ஓட்டிக்கொண்டே, “என்னம்மா, எனக்குத் தெரியாம ஒரு சித்திய ஒளிச்சு வச்சிருந்தீங்களா? தாத்தா அப்பிடிப்பட்ட ஆளா?” என்று கேட்டான். “வாயை மூடிக்கிட்டு ரோட்டப் பாரு” என்றேன். ஆனாலும் எனக்கும் சிரிப்பு வந்தது. நினைவு தப்பிய யாரோ ஒருத்தி, சாப்பாடு போடுகிறவளை எல்லாம் அக்கா என்று எழுதி வைத்திருக்கிறாள், போய் ஒரு மாலை போட்டுவிட்டு வருவோம் என்றுதான் நினைத்தேன்.

சாப்பாட்டுக் கூடத்திலேயே உன்னைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். உடனே யார் என்று தெரிந்தது. நீ என்று தெரியவில்லை, செபமாலை. ‘அட, இது அந்த அவசரக்காரி’ என்றுதான் தோன்றியது. இறந்து கிடக்கிற உன்னைப் பார்த்து முதலில் எனக்குத் தோன்றியது அதுதான்.

அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் எண்.

கதீஜா உன் கால்பக்கம் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முந்தானை ஓரம் மடங்கி என் பக்கம் தெரிந்தது. உள்பக்கத்தில் சிவப்பு நூலில், பெருக்கல் குறி பெருக்கல் குறியாகத் தைத்து, 63.

நான் அந்தப் பெஞ்சிலேயே உன் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். “எல்லாத் துணியிலயும் இதத் தச்சு வச்சிருக்கும்மா. சலவையில மாறிப்போகாம இருக்கறதுக்காம். நாங்களும் ஒரு எழுத்தத் தச்சுக்கறோம்னு கேட்டா, ஒங்களுக்கெல்லாம் நேரா வராதும்பா” என்று கதீஜா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நேராக வராது. அது என் வார்த்தை.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். நம் கான்வென்ட் விடுதியில் ஒவ்வொரு பெரிய பெண்ணிடமும் ஒரு சின்னப் பெண்ணை ஒப்படைப்பார்கள். தலை சீவிவிட வேண்டும், நகம் வெட்டிவிட வேண்டும், துணியில் சலவை எண் தைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு, எண் 17. நீ நாலாம் வகுப்பு, கட்டுமாவடியிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவள், எண் 63. “இன்று முதல் இவள் உன் தங்கை” என்று சொல்லி, வார்டன் சிஸ்டர் உன் கையை என் கையில் வைத்தார். ஒரு மரக்கால் நெல்லை அளந்து கொடுப்பதுபோல் கொடுத்தார். நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

உன் 63-ஐ மூன்று முறை பிரிக்க வைத்தேன். மூன்றின் வயிறு கோணலாக இருந்தது. உன் தலைமுடியில் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்தியபோது அவர்களை அடக்கினேன். ஆனால் எண்ணெய் தேய்த்துவிடும்போது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அதைப் பார்த்திருப்பாயோ?

அப்புறம் சாப்பாடு. மணி அடித்து, எல்லோரும் நின்று, செபம் சொல்லி முடிக்கும்வரை சோற்றில் கை வைக்கக் கூடாது. உனக்கு மட்டும் பொறுக்காது. ஊரில் சோற்றைக் கண்டதும் சாப்பிட்டுத்தான் பழக்கம், இல்லாவிட்டால் அண்ணன்மார் சாப்பிட்டுவிடுவார்கள் என்று சொல்வாய். ‘ஆமென்’ வருவதற்குள் உன் கை தட்டில் இருக்கும். நான் இரண்டு விரலைச் சேர்த்து உன் மணிக்கட்டு எலும்பின் மேல் ஒரு தட்டுத் தட்டுவேன். தினமும் நடக்கும். தினமும் நீ சிரிப்பாய்.

இப்போது அந்த அவசரக்காரியின் கதை.

மாசிச் சாப்பாட்டை நான் எப்படி நடத்துவேன் என்பது உனக்குத் தெரியும். கரும்பலகையில் என் கணவர் பெயரை என் கையாலேயே எழுதுவேன், ஆபீஸ்காரர்கள் எழுதினால் பிழை வரும். எல்லா இலையிலும் பரிமாறிய பிறகு இரண்டு நிமிட மௌனம், ஒரு பிரார்த்தனை, அதன்பின் அவரைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசுவேன். அவர் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்தபோது செய்ததையெல்லாம் சொல்வேன். சோறு ஆறுகிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நீ அங்கே வந்து நாலு வருடம். முதல் வருடம் பேசாமல் இருந்தாயாம். இரண்டாம் வருடம் நான் பேசத் தொடங்குமுன்பே இரண்டாம் வரிசையில் ஓர் அம்மாள் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்தேன். அடுத்த வருடமும் அதே அம்மாள், அதே இடம். மைக்கிலேயே, “கொஞ்சம் பொறுக்கலாமே” என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். போன மாசியில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. நேரே நடந்து வந்து, குனிந்து, இரண்டு விரலால் மணிக்கட்டில் தட்டினேன்.

நீ அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

திமிர் என்று நினைத்தேன். வெளியே வரும்போது சுகந்தியிடம், “அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஒழுங்கு சொல்லிக்கொடுங்க. வயசானா மேனர்ஸ் போயிடணுமா?” என்றேன். அவளும், “சொல்றேம்மா” என்றாள்.

அன்று உன் உடலுக்குப் பக்கத்தில் நான் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது சுகந்தி வேறொன்றைச் சொன்னாள். “அதாம்மா எனக்கும் புரியல. மத்த நாள்ல அவங்க அப்பிடிச் செய்ய மாட்டாங்க. எல்லாரும் உக்காந்து, எல்லாருக்கும் வச்சு, கடைசி ஆளு எடுத்த பெறகுதான் கை வைப்பாங்க. ஒங்க சாப்பாட்டு அன்னிக்கு மட்டும் இப்பிடி.”

என் காது அடைத்துக்கொண்டது. இருபத்திரண்டு நாளாக இன்னும் திறக்கவில்லை என்றே சொல்லலாம்.

வருடத்தில் ஒரே ஒரு நாள், செபமாலை. என்னிடம் அடி வாங்குவதற்காக. நான் அடித்தும் எனக்குத் தெரியவில்லை. என் விரலுக்குக்கூடவா தெரியவில்லை?

கதீஜாவை உனக்குத் தெரியும், எதையும் மென்று விழுங்க மாட்டாள். கோட்டைப்பட்டினத்தில் அத்தனை பேரையும் வாயால் வளைத்துப் போட்டவள் என்று நீயே சொல்வாயாம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அன்னிக்குப் பூரா மணிக்கட்டத் தடவிக்கிட்டே இருந்தா. வலிக்குதாடின்னு கேட்டேன். ‘இல்ல, அக்கா கை மாறவே இல்ல’ன்னா. அப்பத்தான் எனக்கே விசயம் தெரியும். போய்ச் சொல்லித் தொலைய வேண்டியதுதானடி, கார் நிக்கிதுல்லன்னு சொன்னேன். ‘ஹோம்ல இருக்கேன்னு நானாப் போயி நிக்க மாட்டேன். அவங்களாப் பாத்து, நீயாடின்னு கேட்டா, ஆமாம்பேன்’னா. என்னா வீம்பு. இப்பத்தானே தெரியுது, யாருக்கிட்டப் படிச்சுதுன்னு.”

அவள் உன் சேலையை மறுபடி இழுத்துவிட்டாள்.

“இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க வீட்டுக்காரரு பெருமைய நாங்க எல்லாரும் மனப்பாடமாச் சொல்லுவோம். ஒங்கள மாதிரியே பேசிக்காட்டுறது இவதான். அந்தக் கண்ணாடியத் தூக்கிவிடறது வரைக்கும் செய்வா.”

அவ்வளவு நேரம் கல்லாக நின்ற என் மகன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். நீ எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறாய், பெஞ்சில் படுத்துக்கொண்டே.

உனக்குக் கல்யாணம் ஆனது, அவர் போனது, பிள்ளை இல்லாதது, பாலர் பள்ளியில் ஆயாவாக வேலை பார்த்தது, எல்லாம் கதீஜா சொல்லித்தான் தெரியும். கட்டுமாவடிக்கும் அறந்தாங்கிக்கும் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். நான் ஏன் ஒரு தடவைகூட வந்து விசாரிக்கவில்லை? இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நான் பள்ளியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போன வருடம் நீ ஒரு கடிதம் போட்டாய். கோடு போட்ட தாள், இரண்டு பக்கம். புதிய அக்கா தலையை இழுத்துச் சீவுகிறாள், நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தாய். பதினொரு பிழை இருந்தது. எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்தி, அதே தாளை உனக்குத் திருப்பி அனுப்பினேன். பதில் என்று ஒரு வரி எழுதவில்லை. உனக்கு நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன். அதன்பின் உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசிக்கவும் இல்லை.

இனி, இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கான காரணம்.

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைக்க வேண்டுமானால் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டு உடலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இல்லத்தாரே மணமேல்குடியில் பொது இடத்தில் அடக்கம் செய்துவிடுவார்கள். உன் அண்ணன்மார் யாரும் இல்லை, அவர்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும் என்று நீ கதீஜாவிடம் சொல்லியிருந்தாயாம். சுகந்தி படிவத்தை என் முன்னால் வைத்தாள்.

பெயரை எழுதினேன். வயது, ஊர் எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

பிரபு என் தோளுக்குப் பின்னால் நின்று, “அக்கான்னெல்லாம் போடாதீங்கம்மா. நாளைக்கு யாராவது சொந்தக்காரங்க வந்து கேட்டா வம்பு” என்றான். அவன் மேல் பழி போட மாட்டேன். அவன் சொல்வதற்கு முன்பே பேனா நின்றுவிட்டது. படிவத்தில் இல்லாததை எழுதக் கூடாது என்று வாழ்க்கை முழுவதும் மற்றவர்களுக்குச் சொன்னவள் நான். ரத்த உறவா? இல்லை. சாதி சனமா? இல்லை. சிஸ்டர் ஒரு நாள் காலையில் கையைப் பிடித்துக் கொடுத்தது எந்தச் சட்டத்தில் உறவாகும்? இப்படி எல்லாவற்றையும் ஒழுங்காக யோசித்து, அழகான கையெழுத்தில், ‘தெரிந்தவர்’ என்று எழுதினேன்.

“என்னம்மா எழுதுனீங்க?” என்றாள் கதீஜா. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

அவள் குரலை உயர்த்தாமல், “தெரிஞ்சவரா? நாலு வருசமாத் தெரியாமத்தானே இருந்தீங்க” என்றாள்.

அந்தப் படிவத்தோடுதான் நீ ஊருக்குப் போனாய். மழை விட்டிருந்தது. மணல் ஈரமாக இருந்ததால் குழி சரியாமல் நின்றது. கோயிலில் பாதர் வாசித்தபோதும், “இவரைத் தெரிந்தவர்கள் சார்பில்” என்றுதான் வாசித்தார். எழுதியதைத்தானே வாசிப்பார். மூன்று பிடி மண் போட்டேன். செபம் முடிவதற்கு முன்பே போட்டுவிட்டேன், யாரும் என்னைத் தட்டவில்லை.

மறு வாரம் பஸ் ஏறி, தனியாக, மணமேல்குடிக்குப் போனேன். அந்தப் படிவத்தில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் என்றேன். சுகந்திக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அது போயிருச்சும்மா. ஒரு காப்பி ஊராட்சிக்கு, ஒரு காப்பி கோயிலுக்கு. இங்க ஃபைலும் மூடியாச்சு. விடுங்கம்மா, அத இனி யாரு எடுத்துப் பாக்கப் போறா?” என்றாள்.

யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை என்று அவள் ஆறுதலுக்காகச் சொன்னாள். நீ எழுதியதையும் யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துத்தான் நாலு வருடத்துக்கு முன் அந்தச் சொல்லை எழுதினாயா? நான் அப்போது உயிரோடு இருக்கிறேனா என்பதுகூட முதலில் உனக்குத் தெரிந்திருக்காதே. கரும்பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாயா? என் கையெழுத்தைப் பார்த்தா? சுகந்தி காட்டிய உன் படிவத்தில் ‘மாசி மாசம் வருவாங்க’ என்ற வரி மட்டும் வேறு மையில் இருந்தது. அதைப் பிறகு கேட்டு வாங்கி எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் இனி யாரிடம் கேட்பேன்?

மூடிய ஃபைலைத் திருத்த முடியாது. அதனால்தான் முகம் தெரியாத நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன். என்னைத் தெரிந்தவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். உன் இரண்டு பக்கக் கடிதத்துக்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதிலும் இதுதான். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். ஒன்றும் நேராக வரவில்லை.

உன் 63 தைத்த துண்டு ஒன்றைக் கதீஜா எனக்குக் கொடுத்தாள். மூன்றின் வயிறு இப்போதும் லேசாகக் கோணல்தான். பிரிக்க மாட்டேன்.

வருகிற மாசிக்கு வருவேன். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கணவர் கோபித்துக்கொள்ள மாட்டார், பசித்தவர்களைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது, அதைத்தான் நான் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருதடவையும் சொன்னதில்லை. கரும்பலகையில் அவர் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதுவேன், உறவுமுறையோடு. இரண்டாம் வரிசையில் உன் இடத்தில் நான் உட்கார்வேன். இலையில் சோறு விழுந்ததும் ஒருவருக்கும் காத்திருக்காமல் கை வைப்பேன்.

கதீஜாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், இரண்டு விரல், மணிக்கட்டு எலும்பின் மேல் என்று. “எனக்கென்ன, நல்லா ஓங்கியே வைக்கிறேன்” என்றாள். வைக்கட்டும். நான் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
சி. இராஜேஸ்வரி
எண் 17